குரலுக்கு உடையவர் யார்?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அறுபது வயதைக் கடந்த பெரியவர்களிடம் ‘டிரங்க் கால்’ என்ற சொல்லைச் சொன்னால் போதும். உடனே ஒரு கதை பிறக்கும். ஊரில் தகப்பனாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தந்தி வந்த இரவு; தொலைபேசி நிலையத்தில் பதிவு செய்துவிட்டு மரப் பலகையில் மணிக்கணக்காய்க் காத்திருந்தது; கடைசியில் இரைச்சலுக்கு நடுவே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்ட தமையனாரின் குரல். அந்தக் குரல் தமையனாருடையதுதானா என்ற ஐயம் ஒருவருக்கும் எழுந்ததில்லை. எழுவதற்கு இடமுமில்லை. ‘பி.பி. கால்’ என்று ஆள் பெயர் குறித்துப் பதிவு செய்தால், மறுமுனையில் இன்னார் வந்துவிட்டாரா என்று நிலையத்து ஊழியர் கேட்டு உறுதி செய்த பிறகே இணைப்புத் தருவார். முகம் தெரியாத ஓர் அரசு ஊழியர், இரு முனைகளுக்கும் நடுவே, சாட்சியாக உட்கார்ந்திருந்தார் எனலாம்.

1960ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லட்சுமணபுரிக்கும் இடையே சந்தாதாரர் தாமே நேராகச் சுழற்றிப் பேசும் வசதி முதன்முதலாகத் தொடங்கியது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. காத்திருத்தல் ஒழிந்தது, நல்லதுதான். ஆனால் நடுவே இருந்த சாட்சியும் எழுந்து போய்விட்டார் என்பதை அன்று எவரும் கவனிக்கவில்லை. அதன்பின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதற்குக் குரல் ஒன்றே அத்தாட்சியாயிற்று.

குரலை அத்தாட்சியாக நம்புவதில் உள்ள அபாயம் நமக்குப் புதிதன்று. இராமகதையை அறிந்தவர்கள் மாரீசனை அறிவார்கள். அம்பு பட்டு விழும்போது அவன் இராமனுடைய குரலில் சீதையையும் இலக்குவனையும் கூவி அழைத்தான். குரலை மட்டும் கேட்ட பிராட்டி கலங்கினாள். இலக்குவனோ குரலைச் சோதிக்கவே இல்லை. ‘என் தமையன் இப்படி அபயக்குரல் எழுப்பக்கூடியவனா?’ என்று செய்தியைச் சோதித்தான். குரல் அச்சாக இராமனுடையதே என்றாலும், அதன் வழியே வந்த செய்தி இராமனுடையதாக இருக்க முடியாது என்று கண்டான். மாட்டுங்காவில் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. குரல் யாருடையது என்பது ஒரு கேள்வி. அந்தக் குரல் எவ்வாறு, எவ்வழியாக நம் காதுக்கு வந்தது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாற்றில் நமது பம்பாய் நகருக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எடுத்துக்கொண்டோம்.

ஒலிநாடாவில் பேச்சைப் பதியும் கருவி இந்நாட்டுப் போலீசார் கைக்கு வந்த காலம் அது. பம்பாய் மாநகராட்சியில் பணியாற்றிய குமாஸ்தா ஒருவருக்கு நூறு ரூபாய் லஞ்சம் கொடுக்க ஒருவர் முன்வந்தார். குமாஸ்தா நேர்மையாளர், ஊழல் தடுப்புத் துறையிடம் முறையிட்டார். அவருடைய வீட்டிலேயே பொறி வைக்கப்பட்டது. வெளியறையில் ஒலிவாங்கியை மறைத்து வைத்து, உள்ளறையில் பதிவுக் கருவியோடு அதிகாரிகள் காத்திருந்தனர். வந்தவர் பேசினார், பணத்தைக் கொடுத்தார், எல்லாம் நாடாவில் பதிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று 1967ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. நிகழ்ச்சி ஒன்றைப் பிடித்த புகைப்படம் சாட்சியமாகக் கூடுமெனில், நாடாவில் பதிந்த உரையாடலும் சாட்சியமாகும் என்று நீதிபதி பச்சாவத் எழுதினார்.

அதோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தீர்ப்பை இன்று நாம் நினைவுகூர வேண்டியதில்லை. நீதிபதி மேலும் சென்றார். பதிவு செய்த காலமும் இடமும் அதன் துல்லியமும் தக்க சாட்சியால் மெய்ப்பிக்கப்பட வேண்டும். பேசியவர்களின் குரல் முறையாக அடையாளம் காட்டப்பட வேண்டும். இவற்றுக்கு மேல், காந்த நாடாவின் இயல்பே அழித்துவிட்டு மீண்டும் பதிய இடந்தருவது ஆகையால், அதனை எச்சரிக்கையோடே ஏற்க வேண்டும் என்றார். அவ்வழக்கில் நாடா முத்திரையிடப்படாமல் ஓர் அதிகாரியின் வசம் இருந்தது. அந்தக் குறையையும் நீதிமன்றம் எடுத்துப் பேசாமல் விடவில்லை. பிற சாட்சியங்கள் வலுவாக இருந்தமையால் தண்டனை நிலைத்தது.

குரலை அடையாளம் காண்பதும், நாடா யார் கையில் இருந்தது என்று ஆராய்வதும் இரு வேறு வேலைகள் என்பது நேயர்களுக்குப் புலப்பட்டிருக்கும். முன்னதைக் காது செய்யும். பின்னதைக் காதால் செய்ய முடியாது. அதற்கு முத்திரையும் பதிவேடும் வேண்டும்.

அடுத்த வழக்கும் நம் நகரத்ததே. 1964இல் பம்பாயில் ஒரு மருத்துவ இல்லத்தில் அறுவைச் சிகிச்சைக்குப்பின் நோயாளி ஒருவர் இறந்தார். நகரத்தின் மரண விசாரணை அதிகாரி, விசாரணையின் முடிவு மருத்துவருக்கு அனுகூலமாக இருக்கவேண்டுமானால் பணம் வேண்டும் என்று கேட்டார் என்பது குற்றச்சாட்டு. மற்றொரு மருத்துவரின் சம்மதத்தோடு அவருடைய தொலைபேசியில் பதிவுக் கருவி இணைக்கப்பட்டது. பேச்சு பதிவாயிற்று. மல்கானி வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் இதில், 1972 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. பேச்சு வழக்குக்குத் தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். குரல் அடையாளம் காணப்படுதல் வேண்டும். நாடாவில் அழித்தலோ திருத்தலோ நேரவில்லை என்பது மெய்ப்பிக்கப்படுதல் வேண்டும். பம்பாயின் 1972 சட்டமன்றத் தேர்தல் பற்றிய ஒரு வழக்கிலும், பின்னர் 1985இல் ஹரியானா தேர்தல் வழக்கு ஒன்றிலும் இதே நெறி விரிவடைந்தது. அவற்றுள் புகுந்தால் உரை நீளும்.

இங்கே நீதிபதிகள் நாடாவைப் பற்றி இவ்வளவு கவலையோடு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், டெல்லியில் நாடாவே இல்லாமல் ஒரு காரியம் நடந்துவிட்டது.

1971 மே 24ஆம் நாள். பாராளுமன்றத் தெருவிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பிரதமரின் செயலர் ஹக்சர் பேசுவதாக முதற்குரல் சொன்னது. அடுத்து வந்த குரல் பிரதமர் இந்திரா காந்தியினுடையது என்று காசாளர் நம்பினார். வங்காள தேசத்துக் காரியமாக அறுபது லட்சம் ரூபாய் உடனே வேண்டும், ரகசியம் காக்க வேண்டும் என்பது ஆணை. பணத்தை வாங்க வருபவர் ஒரு சங்கேதச் சொல்லைச் சொல்வார், காசாளர் அதற்கு இன்ன மறுமொழி கூற வேண்டும் என்பதும் அதே தொலைபேசியில் சொல்லப்பட்டது. அக்காலத்து அறுபது லட்சம்! காசாளர் பணத்தைப் பெட்டியில் அடுக்கி, வங்கிக் காரில் தாமே ஓட்டிச் சென்று, சங்கேதச் சொல் சொன்னவரிடம் ஒப்படைத்தார். பிறகு ரசீது பெறுவதற்காகப் பிரதமரின் இல்லத்துக்குப் போனார். அங்கே அவர் இல்லை என்று அறிந்து பாராளுமன்றத்துக்குப் போய் ஹக்சரைக் கண்டார். யாரும் தொலைபேசியில் அழைக்கவே இல்லை என்ற மறுமொழி அங்கே காத்திருந்தது.

ருஸ்தம் சொராப் நகர்வாலா என்ற முன்னாள் படை அதிகாரி அன்றிரவே பிடிபட்டார். பெரும்பகுதிப் பணமும் மீட்கப்பட்டது. குரலைப் போலி செய்து பேசியவர் தாமே என்று அவர் ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாளே நான்கு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. 1972 மார்ச்சில் அவர் இறந்தார். வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரி அதற்கு முன்பே ஒரு கார் விபத்தில் மாண்டிருந்தார். 1977இல் அமைந்த புதிய அரசு நீதிபதி ஜகன்மோகன் ரெட்டியின் தலைமையில் விசாரணை ஆணையம் நிறுவியது. பணம் யாருடையது, பின்னால் யார் இருந்தார்கள் என்பன போன்ற கேள்விகள் அதன் பின்னும் ஓயவில்லை. அரசியல் வாதங்கள் நமக்கு வேண்டா. காசாளரின் செயலை மட்டும் பார்ப்போம்.

அவரைப் பேதை என்று நகைப்பது எளிது. நாம் அப்படி நினைக்கவில்லை. அவர் கையில் ஒரு பாதுகாப்பு இருந்ததாகவே அவர் நம்பினார்; சங்கேதச் சொல் இருந்ததன்றோ! ஆனால் அச்சொல்லைக் கொடுத்தவரும் குரலுக்கு உடையவராக நடித்தவரும் ஒருவரே. திருடன் தானே பூட்டும் சாவியும் செய்து கொண்டுவந்து வீட்டுக்காரரிடம் கொடுத்த கதைதான். பணம் கொடுத்த பின்பு பிரதமர் இல்லத்துக்குச் சென்ற அதே பயணத்தைப் பணம் கொடுக்குமுன் செய்திருந்தால், அந்தப் பெயர்களை இன்று எவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

நிற்க. மனிதக் காதின் பலவீனத்தை யந்திரத்தால் ஈடுகட்டலாம் என்ற நம்பிக்கையும் அதே பத்தாண்டுகளில்தான் வளர்ந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லாரன்ஸ் கெர்ஸ்டா, பேச்சொலியைக் காகிதத்தில் கறுப்பும் வெளுப்புமான வரிகளாக வரைந்து காட்டி, கைரேகைபோல் ‘குரல்ரேகை’யும் ஆளுக்கு ஆள் தனியானது என்று 1962இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் சரியாக அடையாளம் காணலாம் என்றார். அமெரிக்க நீதிமன்றங்கள் சில ஏற்றன, சில மறுத்தன. 1979இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஆராய்ந்து, அவ்வளவு உறுதி பேசுவதற்கு ஆதாரம் போதாது என்று எச்சரித்தது. கைரேகை கிடந்தபடியே கிடக்கும். குரலோ சளி பிடித்தால் மாறும், கோபத்தில் மாறும், வயதில் மாறும். கைரேகையோடு அதை ஒப்பிட்டதே பிழை.

கணிப்பொறி வந்தபின் வரிகளைக் கண்ணால் பார்க்கும் வேலை எண்களுக்கு மாறியது. வாடிக்கையாளர் முதலில் சில வாக்கியங்களைப் பேசிப் பதிந்துகொள்கிறார். தொண்டை, வாய், மூக்கறைகள் ஆகியவற்றின் அளவும் அமைப்பும் ஒலியில் விடும் சாயலை யந்திரம் நொடியில் நூறில் ஒரு பங்குக்கு ஒருமுறை அளந்து எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. மறுமுறை பேசும்போது புதிய எண்களைப் பழையவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேலே இருந்தால் கதவு திறக்கும். அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் சங்கடம் எல்லாம். இறுக்கி வைத்தால் ஜலதோஷம் பிடித்த உரிமையாளரே வெளியே நிற்பார். தளர்த்தி வைத்தால் அயலாரும் நுழைந்துவிடுவார்.

தாராவியை அடுத்து, மிட்டி ஆற்றங்கரையில் பாந்த்ரா–குர்லா வளாகம் கண்ணாடி மாளிகைகளாக எழுந்து நிற்கிறது. அங்கே தலைமையகம் கொண்ட ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2015இல் தன் தொலைபேசிச் சேவையில் வாடிக்கையாளரைக் குரலால் அடையாளம் காணும் முறையைத் தொடங்கியது. அயல்நாடுகளிலும் அப்போது அதுவே புதுமை. அக்காலத்தில் இதுபோன்ற சேவை பற்றிய ஓர் அறிவிப்பைத் தமிழாக்கும் பணி நம் மேசைக்கு வந்தது. ‘உங்கள் குரலே உங்கள் கடவுச்சொல்’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தோம். கடவு என்றால் வழி. வழிவிடும் சொல் மறைவாக இருக்க வேண்டும். காய்கறிக்காரரிடமும் பேருந்து நடத்துனரிடமும் நாள்தோறும் இறைத்துவிட்டு வரும் ஒன்று எப்படி மறைச்சொல் ஆகும்? மொழிபெயர்ப்பாளருக்கு இப்படிக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. வாக்கியம் அப்படியே அச்சாயிற்று.

விடை 2017இல் லண்டனிலிருந்து வந்தது. பி.பி.சி. செய்தியாளர் டான் சிம்மன்ஸ் எச்.எஸ்.பி.சி. வங்கியில் கணக்குத் திறந்து தம் குரலைப் பதிந்தார். அவருடைய இரட்டைச் சகோதரர் அதே குரலில் பேச முயன்றார். ஏழு முறை யந்திரம் மறுத்தது. எட்டாம் முறை கதவைத் திறந்தது. கணக்கின் இருப்பும் வரவு செலவும் அவர் கண்முன் வந்தன. பணத்தை எடுக்க முடியவில்லை என்பது உண்மையே. எனினும் ஏழு முறை தவறியவரை எட்டாம் முறை ஏன் அனுமதித்தது என்பதுதான் கேள்வி. குரலைச் சோதித்த யந்திரம், ஒருவர் இத்தனை முறை தட்டுகிறாரே என்ற நிலைமையைச் சோதிக்கவில்லை.

ஒரு விந்தையை இங்கே குறிப்பிடலாம். பலகுரல் கலைஞர் மேடையில் ஏறிப் பிரபலமான நடிகரைப்போல் பேசினால் நாம் கைதட்டுகிறோம். ஏனென்றால் ஏற்ற இறக்கத்தையும் இழுத்துப் பேசும் பாணியையும் அவர் பிடித்துவிடுகிறார். ஆனால் அவர் தம் தொண்டையின் நீளத்தை மாற்ற முடியாது. யந்திரம் பெரும்பாலும் தொண்டையை அளக்கிறது. ஆதலின் காதை ஏமாற்றுபவர் அதன்முன் பலமுறை தோற்கிறார். மாறாக, உரிமையாளர் பேசியதையே பதிந்துவைத்து ஒலிக்கச் செய்தால், மேடையில் கைதட்டல் கிடைக்காது. தற்காப்பில்லாத யந்திரமோ வணங்கி வழிவிடும். 1967இல் நீதிபதி பச்சாவத் அஞ்சிய நாடா, வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. ஆகையால்தான் 2015 முதல் பல நாட்டு ஆய்வாளர்கள் ‘ஏ.எஸ்.வி.ஸ்பூஃப்’ என்ற பெயரில் கூடி, யந்திரம் ஆக்கிய குரலையும், பதிந்து மீண்டும் ஒலிக்கும் குரலையும் பிரித்தறியும் முறைகளைப் போட்டியாக வைத்துச் சோதித்து வருகிறார்கள். காவல் ஒரு படி ஏறினால் களவும் ஒரு படி ஏறுகிறது.

அந்தப் படியும் இப்போது உயர்ந்துவிட்டது. மூன்று நொடி மாதிரிக் குரலைக் கொண்டே எந்த வாக்கியத்தையும் அக்குரலில் பேசவைக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். 2024இல் ‘லால் சலாம்’ படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் எழுப்பினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அனுமதியின்றிச் செய்பவர்களைப் பற்றி நம் நகரத்து உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் வழக்கிலும், 2025இல் ஆஷா போஸ்லே வழக்கிலும் தடையாணை பிறப்பித்தது. புகழ்பெற்ற குரலுக்கு அதன் உடையவர் உண்டு என்று சட்டம் கண்டுகொண்டது மகிழ்ச்சிக்குரியது. தாராவித் தோல் பட்டறையில் வேலை செய்பவரின் குரலுக்குச் சந்தை மதிப்பு இல்லை. அதனால் அதற்காக வழக்காடுபவரும் இல்லை. ஆயினும் திருநெல்வேலியில் இருக்கும் அவருடைய தாயாருக்கு அக்குரலைவிட மதிப்புள்ளது வேறென்ன?

இதே 2024இல் ஏர்டெல் நிறுவனத் தலைவர் சுனில் மித்தல் ஒரு செய்தி சொன்னார். அவர் குரலை அச்சாகப் போலி செய்து, துபாயிலிருந்த அவரது அதிகாரி ஒருவரிடம் பெருந்தொகையை மாற்றும்படி தொலைபேசியில் கேட்டார்களாம். பிறகு கேட்டபோது தமக்கே திகைப்பாக இருந்தது, தாமே பேசியதுபோல் இருந்தது என்றார். ஆனால் பணம் போகவில்லை. இத்தகைய தொகையைத் தலைவர் தொலைபேசியில் கேட்க மாட்டார் என்று அந்த அதிகாரி நினைத்தார். டெல்லிக் காசாளர் செய்யத் தவறியதை அவர் செய்தார். காட்டில் இலக்குவன் செய்ததும் அதுவே.

நீதிமன்றங்களின் வழி இன்னும் ஒரு படி நகர்ந்தது. புலன்விசாரணைக்காக ஒருவரைக் குரல் மாதிரி தரச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2019 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 349ஆம் பிரிவிலும் அது இடம்பெற்றது. கலீனாவில் உள்ள மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம் இத்தகைய மாதிரிகளை ஒப்பிடுகிறது. ஆனால் போலிக் குரலும் உண்மைக் குரலும் ஒரே எண்களைத் தரும் காலத்தில், ஒப்பீட்டின் விடை முதற் கேள்விக்கு மட்டுமே பயன்படும். இரண்டாவது கேள்விக்கு இன்றும் முத்திரையும் பதிவேடும் சாட்சியுமே வேண்டியிருக்கின்றன.

வங்கிகளைப் பொறுத்தவரை, இணையத்தில் அட்டையால் பணம் செலுத்த இன்னொரு சான்றும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009இலேயே கட்டாயமாக்கியது. குரல் ஒன்றையே சாவியாக வைக்கும் சேவை எதிலாவது நீங்கள் பதிந்திருந்தால், அதனோடு ரகசிய எண்ணும் கேட்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எண் வெளிப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம்; குரலை மாற்றிக்கொள்ள வழியில்லை.

வீடுகளுக்கு வரும் அழைப்புகளோ வேறு வகை. மகன் போலீசில் அகப்பட்டுக்கொண்டான், விபத்தில் சிக்கினான் என்று அழுகுரலோடு வரும் அழைப்புகள் ஊர்ப்புறத்துப் பெற்றோரைத் தேடிப் போகின்றன. பிள்ளையை ஆண்டுக்கொருமுறை பார்த்து, மற்ற நாளெல்லாம் குரலாகவே அறிந்த பெற்றோர் அவர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளையின் வழக்கமான எண்ணுக்குத் தாங்களே திரும்ப அழைக்கும்படி அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

சென்ற மழைக்காலத்தில் நமக்குக் கடுமையான தொண்டைக்கட்டு. செம்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி ஊருக்குப் பேசினோம். குரலைக் கேட்ட தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர் கெர்ஸ்டாவையும் அறியார், மல்கானி வழக்கையும் அறியார். “யாருல பேசுதது?” என்றார். பெயரைச் சொன்னோம். “அது எவன் வேணும்னாலும் சொல்லுவான். சின்னப் பிள்ளையில நம்ம செவலைக் கன்னுக்குட்டிக்கு நீ என்ன பேரு வச்ச, அதைச் சொல்லு” என்றார். கேள்வி அவருடையது, விடையை எவரும் முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லித் தந்திருக்கவில்லை. சொன்னோம். “சளிக்குச் சுக்கு போட்டுக் குடி” என்று பேச்சைத் தொடங்கினார்.

அந்தக் கன்றுக்குட்டியின் பெயரை இங்கே அச்சிடுவதற்கில்லை.